கெண்டைக்கு எதுக்கு பாஸ் கடல் கம்பு?

மெஸ் பில் போக மிச்சம் பிடிச்சு, லீவு நாள்ல கேட்டரிங் வேலைக்குப் போய், எப்படியோ 2,000 ரூபாய் சேர்த்தாச்சு. தூண்டில் கம்பும் ரீலும் வாங்கணும். கடைக்குப் போனா, 12 அடிக் கம்பு ஒண்ணை எடுத்து நீட்டி, "இதுல மாட்டுனா திமிங்கிலமே வரும் தம்பி"ன்னு அடிச்சு விடுறார் கடைக்காரர். கம்பும் பார்க்க செம கெத்தா இருக்கு. வாங்கிடலாமா?

வேண்டாம் பாஸ்! கம்பு மேல தப்பே இல்ல. தூத்துக்குடியிலயோ ராமேஸ்வரத்துலயோ கரையில நின்னு, அலையைத் தாண்டி 80, 100 கிராம் ஈயத்தை வீசுறதுக்குப் பொறந்த கம்பு அது. அதைத் தூக்கிட்டு வந்து ஆனைக்குட்டம் அணைக்கரையில ஒரு சின்னக் கெண்டைக்குக் காத்திருந்தா, மீன் கடிச்ச சேதியே உங்க கைக்கு வந்து சேராது. கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்குன கதைதான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். கம்பை நீங்க செலக்ட் பண்ணக் கூடாது. கடைக்காரரும் பண்ணக் கூடாது. நீங்க போற தண்ணியும், அதுல இருக்கிற மீனும்தான் செலக்ட் பண்ணணும். அது எப்படின்னு பார்ப்போமா?

முதல்ல தண்ணியைப் பாருங்க

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்குக் கடலும் கிடையாது, வருஷம் பூரா ஓடுற ஆறும் கிடையாது. வைப்பாறு, அர்ச்சுனா நதி, கௌசிகா நதி... மழை பெய்ஞ்சா ஆறு, இல்லேன்னா மணல். தூண்டிலுக்கு இருக்கிறதெல்லாம் அணையும் கண்மாயும்தான். வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்துல பிளவக்கல். அர்ச்சுனா நதியில ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி. கௌசிகாவுல குல்லூர்சந்தை. வைப்பாத்துல வெம்பக்கோட்டை. ரெண்டு ஆறும் கூடுற இடத்துல இருக்கன்குடி. இது போக, ஊருக்கு ஊர் கண்மாய்.

இதுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறது ஐப்பசி, கார்த்திகை மழை. தீபாவளிச் சரக்கு பூரா லாரி ஏறிப் போய், பட்டாசு ஆலைகள் கொஞ்சம் மூச்சு வாங்குற அதே நேரத்துலதான் கண்மாய்க்குத் தண்ணி வந்து சேரும். அப்போ வந்த தண்ணி சித்திரை, வைகாசிக்குள்ள பல இடத்துல வத்திடும். ஆக, நம்ம தண்ணி ஆழம் குறைஞ்ச தண்ணி. கலங்கல் தண்ணி. பாசியும் அல்லியும் படர்ந்த தண்ணி. கண்மாய்க்குள்ள நாட்டுக்கருவேலம், கரையில சீமைக்கருவேலம். 12 அடிக் கம்பைப் பின்னால ஓங்கி வீசினா, மீன் மாட்டுதோ இல்லியோ, முள்மரம் கட்டாயம் மாட்டும்!

மீனுங்க யார் யாருன்னு பார்த்தா, ஜிலேபிக் கெண்டைதான் மெஜாரிட்டி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இந்தியாவுக்கு வந்தது 1952-ல. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்துற தாய் மீன்ங்கறதால, எங்க விட்டாலும் பெருகிடும். அடுத்து கெளுத்தி, சின்னச் சின்ன கெண்டை வகைகள், குரவை. குத்தகைக்காரங்க குஞ்சு வாங்கி விட்ட கண்மாயா இருந்தா கட்லா, ரோகு, மிர்கால். இவங்களுக்கெல்லாம் ராஜா... விரால்.

விராலையும் பெரிய கட்லாவையும் ஒதுக்கிட்டுப் பார்த்தா, உங்க தூண்டில்ல மாட்டப் போறதுல பாதிக்கு மேல கால் கிலோ கூடத் தேறாது. அந்தக் கால் கிலோவுக்குத்தான் கம்பு வாங்கணும். அதுக்குப் பேருதான் 'லைட்' தூண்டில்!

மூங்கில் கம்பு போதாதா?

நியாயமான கேள்வி. கரையை ஒட்டிப் பத்தடி தூரத்துல மீன் மேயுற கண்மாயா இருந்தா, ஒரு மூங்கில் கம்பு, நாலு முழம் தங்கூஸ், ஒரு தக்கை, ஒரு முள்... தாராளமா போதும். ரீலே வேண்டாம். மீனையே கொடியில வெச்சிருந்த பாண்டிய நாட்டுல இப்படித் தூண்டில் போட யாரும் கிளாஸ் எடுக்கத் தேவையில்ல.

வெள்ளைக்காரங்களுக்கும் நம்ம குளம் குட்டை மேல ஒரு கண்ணு இருந்திருக்கு. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்ங்கற அதிகாரி, இந்தியாவுல தூண்டில் போடுறது பத்தி 1873-ல ஒரு புத்தகம் எழுதினார். அதோட நிக்காம, குளத்துல தூண்டில் போடுறதுக்குன்னே 1887-ல தனியா இன்னொரு புத்தகம்! ஆத்துல தூண்டில் போடுறது வேற, குளத்துல போடுறது வேறங்கறது அப்பவே தெரிஞ்ச சங்கதி.

அப்போ ரீல் எதுக்கு? ரெண்டே காரணம். ஒண்ணு, தூரம். தண்ணி வத்த வத்த மீன் நடுவுக்குப் போயிடும். அங்கே இரை போய் விழணும். ரெண்டு, மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்து போகாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கணும். இந்த ரெண்டும் உங்களுக்குத் தேவைன்னா மேல படிங்க.

கம்பு: கையில எடுத்ததும் பார்க்க வேண்டியது

நீளம்: 6 அடியில இருந்து ஆறரை அடி. அணைக்கரை மாதிரி திறந்த இடம்னா 7 அடி. அதுக்கு மேல வேண்டாம்.

பவர்: கம்போட அடிப்பகுதியில பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். 'லைட்' அல்லது 'அல்ட்ரா லைட்'னு இருக்கணும். பக்கத்துலயே நரம்பு 4-8 பவுண்டு, இரை 2-10 கிராம்ங்கற மாதிரி நம்பர் இருக்கும். இந்த நம்பர்தான் கம்போட ஜாதகம். அது இல்லாத கம்பைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

வளைவு: நுனியை மட்டும் மெதுவா அழுத்திப் பாருங்க. நுனி மட்டும் வளைஞ்சா 'ஃபாஸ்ட்' ஆக்‌ஷன். கடி சட்டுனு கைக்குத் தெரியும். பாதிக் கம்பு வரை வளைஞ்சா 'மாடரேட்'. லேசான இரையை இது நல்லா வீசும், மீனோட வாய் கிழியாம இழுக்கும். மண்புழுவும் தக்கையும் போட்டுப் பழகப் போறவங்களுக்கு மாடரேட்தான் பெஸ்ட்.

மெட்டீரியல்: கிளாஸ் ஃபைபர் கொஞ்சம் கனம். ஆனா, டவுன் பஸ்ல இடிபட்டாலும் தாங்கும். கார்பன் ரொம்ப லேசு, மீன் மூச்சு விட்டாக் கூட கைக்குத் தெரியும். ஆனா, கல்லுல ஒரு தடவை அடி வாங்கினா, அடுத்த மீன்ல டப்புனு உடையும். முதல் கம்பு கிளாஸ் ஃபைபராவோ ரெண்டும் கலந்ததாவோ இருக்கட்டும்.

மடிக்கிற வகை: ரேடியோ ஏரியல் மாதிரி நீளுற கம்பு, பைக்குள்ள வெச்சுக்க வசதிதான். ஆனா, மண்ணு புகுந்தா மூட்டு மடங்காது, இழுவைக்கு மூட்டுதான் முதல்ல போகும். ரெண்டு துண்டா கழட்டி மாட்டுற கம்பு எவ்வளவோ மேல். வாங்குறதுக்கு முன்னாடி, நரம்பு போற ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழட்டிப் பாருங்க. எங்கயாவது இழை மாட்டினா அங்கே விரிசல் இருக்கு. அந்த விரிசல் உங்க நரம்பை பிளேடு மாதிரி அறுக்கும்.

ரீல்: ஸ்பின்னிங் மில்லும் வெடி கம்பெனியும்

ரீல்ல மூணு ஜாதி. மூணுல ரெண்டுக்கும் நம்ம மாவட்டத்துக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு இருக்கும் போல!

முதல் வகை, ஸ்பின்னிங் ரீல். கம்புக்குக் கீழே தொங்கும், முன்னால ஒரு கம்பி வளையம் இருக்கும். இதுக்கு வழி போட்டது இங்கிலாந்தோட பிராட்ஃபோர்டு ஊர்ல மில் நடத்தின ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். வருஷம் 1905. மில்லுல நூல்கண்டு சுத்தாம நிக்க, நூல் மட்டும் நுனி வழியா உருவிட்டு வர்றதைப் பார்த்து, அதே டெக்னிக்கை ரீலுக்குக் கொண்டு வந்தார். ராஜபாளையத்துப் பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தினமும் பார்க்கிற சமாச்சாரம்!

ரெண்டாவது, மூடி போட்ட ரீல். பின்னால ஒரு பட்டன், அமுக்கி விட்டா நரம்பு பறக்கும். இதோட கதைதான் டாப். அமெரிக்காவுல டல்சாங்கற ஊர்ல ஒரு கம்பெனி. எண்ணெய்க் கிணறு தோண்டுறவங்களுக்கு டைம் பாம் செஞ்சு கொடுக்கிறதுதான் தொழில். கம்பெனி பேரே 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி'! தொழில் டல்லடிக்க, அடுத்து என்ன செய்யலாம்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்போ, 1947-ல ஆர்.டி.ஹல்னு ஒருத்தர் கையில செஞ்ச ரீல் மாடலோட வந்து நின்னார். 1949-ல முதல் ரீல் வெளியே வந்துச்சு. 1956-ல கம்பெனி பேரையே, பழைய பேரோட எழுத்துகளைச் சேர்த்து 'ஜெப்கோ'ன்னு மாத்திட்டாங்க. ஜனாதிபதி ஐசனோவருக்கு அனுப்பின ரீல் பார்சல் மேல 'பாம் கம்பெனி'ன்னு இருந்ததைப் பார்த்து வெள்ளை மாளிகையே அலறிப் போச்சு, அதனாலதான் பேர் மாறுச்சுன்னு ஒரு கதையும் சொல்வாங்க. எது எப்படியோ... வெடி செஞ்ச கை, தூண்டிலும் செய்யும்ங்கறதுக்கு அந்தக் கம்பெனி சாட்சி.

மூணாவது, கம்புக்கு மேல உட்காருற பெயிட் காஸ்டிங் ரீல். விரல் கன்ட்ரோல் பழகலேன்னா நரம்பு குருவிக்கூடு கட்டிடும். லேசான இரையை வீசுறதும் கஷ்டம். இப்போதைக்கு அதுக்கு ஒரு கும்பிடு.

நம்ம சாய்ஸ் ஸ்பின்னிங் ரீல்தான். பட்டன் ரீல் பழக ஈஸி. ஆனா, மெல்லிய நரம்புக்கும் லேசான இரைக்கும் ஸ்பின்னிங் அளவுக்கு ஒத்து வராது. சைஸ் 1000-ல இருந்து 2000, போனா 2500. கடையில '12 பேரிங், 13 பேரிங்'னு அளந்து விடுவாங்க... கண்டுக்காதீங்க. இந்த நாலை மட்டும் டெஸ்ட் பண்ணுங்க: கைப்பிடியை மெதுவா சுத்தினா கரகரன்னு சத்தம் வரக் கூடாது. கம்பி வளையம் 'டக்'னு மூடணும். நரம்பு ஓடுற குட்டி உருளை சுழலணும். கடைசியா டிராக் எப்படின்னு பார்க்கணும்.

டிராக்குன்னா, ரீலுக்கு முன்னால இருக்கிற திருகு. மீன் ஓவரா இழுத்தா நரம்பை விட்டுக் கொடுக்கிறது இதுதான். முழுக்க இறுக்கினா நரம்பு அறுந்துடும், ஒரேயடியா தளர்த்தினா முள்ளு ஏறாது. கணக்கு என்னன்னா, நரம்போட பலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும். 6 பவுண்டு நரம்புன்னா சுமார் 2.7 கிலோ தாங்கும். அப்போ டிராக் 700 - 900 கிராம்ல விட்டுக் கொடுக்கணும். இதுக்கு தராசெல்லாம் வேண்டாம். ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்ல முக்கால் பங்கு தண்ணி பிடிச்சா சுமார் 750 கிராம். அதை ரீல்ல இருந்து நேரா வர்ற நரம்புல கட்டித் தொங்க விடுங்க. பாட்டில் மெதுவா, விட்டு விட்டு இழுக்காம, ஒரே சீரா கீழே இறங்கினா டிராக் கரெக்ட். வெட்டி வெட்டி இறங்கினா வேற ரீல் எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

நரம்பு, முள், தக்கை

கம்புக்கு மொத்தக் காசையும் கொட்டிட்டு நரம்புல கஞ்சத்தனம் பண்றது, நல்ல வெடிக்கு நமுத்துப் போன திரி வெச்ச மாதிரி. 6 பவுண்டு நைலான் நரம்பு 100 மீட்டர் போதும். ரீலோட விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழே நிக்கிற வரைக்கும் சுத்தணும். குறைஞ்சா தூரம் போகாது, கூடினா மொத்தமா சரிஞ்சு விழும். சரிஞ்சது சிக்காயிடுச்சுன்னா அன்னிக்கு மீன் பிடிக்கிற வேலை காலி, சிக்கெடுக்கிற வேலைதான்!

முடிச்சுப் போடும்போது எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்க. காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசுற சூட்டுலயே அதோட பலம் போயிடும். மீனோட வாய் எவ்வளவு பெரிசோ அவ்வளவுதான் முள். ஜிலேபிக்குச் சின்ன முள், மண்புழு இல்லேன்னா மைதா உருண்டை. கெளுத்திக்கு மண்புழுவைத் தரையில கிடக்க விடுங்க. மாட்டினா ஜாக்கிரதை... முதுகுலயும் ரெண்டு பக்கமும் முள் இருக்கும், குத்தினா ராத்திரி தூக்கம் போச்சு. குறடு வெச்சுத்தான் கழட்டணும்.

விராலுக்கு இந்த செட் பத்தாது. பாசிக்குள்ள இருந்து அதை உருவி எடுக்க தடிமனான நரம்பும் உறுதியான கம்பும் வேணும். அது அடுத்த லெவல். ஒரே ஒரு விஷயம் இப்பவே மனசுல வெச்சுக்குங்க. தண்ணி மேல செக்கச் செவேல்னு பொடிக் குஞ்சுங்க கூட்டமா நீந்தினா, கீழே தாயோ தகப்பனோ காவல் நிக்குதுன்னு அர்த்தம். அங்கே தூண்டில் போடாதீங்க. காவல் போச்சுன்னா குஞ்சுங்க மத்த மீனுக்கு இரை.

பட்ஜெட்: கையில 2,000 ரூபாய்னா, பாதிக்குக் கொஞ்சம் மேல ரீலுக்கு, மிச்சத்துல பெரும்பகுதி கம்புக்கு, முன்னூறு ரூபாயாவது நல்ல நரம்புக்கும் முள்ளுக்கும். சுமாரான கம்புல நல்ல ரீலை வெச்சு சமாளிச்சுடலாம், நல்ல கம்புல மட்டமான ரீலை வெச்சு சமாளிக்க முடியாது.

ஷார்ட்கட் வேண்டாம்!

'இவ்வளவு படிச்சு, இவ்வளவு நேரம் உட்கார்ந்து, நாலு ஜிலேபியா? ஒரு தோட்டா போட்டா கூடை கூடையா அள்ளலாமே'ன்னு சொல்ற ஆளு எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான். அவன் பேச்சைக் கேட்டுடாதீங்க.

தண்ணிக்குள்ள வெடி வெடிச்சா, அந்த அதிர்ச்சி மீனோட வயித்துக்குள்ள இருக்கிற காத்துப்பையைக் கிழிச்சுடும். பெரிசு, சிறுசு, குஞ்சு... எதுவும் மிஞ்சாது. செத்ததுல மேல மிதக்கிறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அடியில போய் அழுகும். அடுத்த வருஷத்துக்கான மீனையும் சேர்த்து அன்னிக்கே கொன்னாச்சு. தண்ணியில வெடி வெச்சு மீன் பிடிக்கிறது குற்றம்னு 1897-லயே இந்திய மீன்வளச் சட்டம் சொல்லிடுச்சு. விஷம் கலக்கிறதும் அதே சட்டப்படி குற்றம். லைசென்ஸ் இல்லாம வெடிபொருளைக் கையில வெச்சிருந்தா அது தனிக் கேஸ்.

சட்டத்தை விடுங்க... 2012 செப்டம்பர் 5 அன்னிக்கு முதலிப்பட்டியில நடந்ததை மறக்க முடியாத ஊருங்க நாம. தூரத்துல ஒரு சத்தம் கேட்டா, 'எந்தப் பட்டறை? நம்ம வீட்டு ஆளு எந்த ஷிப்டு?'ன்னு அடிவயித்துல பதறுற அம்மாக்கள் இருக்கிற ஊரு. மருந்தோட மதிப்பும் தெரியும், அது கேட்கிற விலையும் தெரியும். விளையாட்டுக்கு ஒரு மீனுக்காக அதைக் கையில எடுக்கிறவன் நம்ம ஊர்க்காரனா இருக்கக் கூடாது.

லைட் கம்போட அழகே அதுதான். ஒரு மீன், ஒரு முள்ளு. சின்னதா இருந்தா கழட்டித் தண்ணியில விட்டுடலாம். வெடி போட்டவன் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* கண்மாய் மீனுக்கு ஓனர் உண்டு. பஞ்சாயத்துலயோ அரசுத் துறையிலயோ மீன்பாசிக் குத்தகை எடுத்து, கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர் இருப்பார். அவரைப் பார்த்து, "அண்ணே, தூண்டில் போட்டுக்கவா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அணைன்னா அங்கே இருக்கிற அதிகாரிகிட்ட கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம்தான்.

* மலைப்பக்கம் காட்டுக்குள்ள ஓடுற ஓடையில தூண்டில் கூடவே கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021-ல இருந்து புலிகள் காப்பகம். வனத்துறை பிடிச்சா ஃபைனோட போகாது.

* தலைக்கு மேல கரன்ட் கம்பி போனா அந்த இடமே வேண்டாம். கார்பன் கம்புல மின்சாரம் பாயும். மழை இடிச்சாலும் கம்பைக் கீழே வெச்சுட்டுக் கரையேறுங்க.

* முள்ளு சிக்கிடுச்சுன்னு தண்ணிக்குள்ள இறங்காதீங்க. கரம்பை மண் எடுத்த குழி கண்மாய்க்குள்ள எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது. முழங்கால் தண்ணிக்கு அடுத்த அடி, தலைக்கு மேல தண்ணி. அஞ்சு ரூபா முள்ளு போனா போகட்டும்.

* அறுந்த நரம்பைக் கரையில வீசாதீங்க. கொக்கு, நாரையோட காலைச் சுத்தினா அதுக்கு அவிழ்க்கத் தெரியாது.

அவ்வளவுதான் பாஸ்! ஆறரை அடி லைட் கம்பு, 2000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு நரம்பு. அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையட்டும். தக்கை அசைஞ்சா உடனே இழுக்காதீங்க... அது முழுசா அமுங்கட்டும்.